கண்ணாடிக்காரர் ஈக்வலைசர் கற்ற கதை

கண்ணாடிக்காரர் கண்ணாடி போடாதவர். ஊரில் பாதிப் பேர் மூக்கில் அவர் தேர்ந்து கொடுத்த கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது. அவர் மூக்கு மட்டும் காலியாகக் கிடக்கிறது. பேருந்து நிலையத்துக்கு எதிரே, மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அவர் கடை. படியேறினால் இடப்பக்கம் ஃபிரேம் மாட்டிய சுவர், வலப்பக்கம் திரை போட்ட சின்ன அறை. அவர் ஆயுளில் பெரும்பகுதி அந்தத் திரைக்குப் பின்னால்தான் கழிந்தது. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைப்பார். கனத்த சோதனைச் சட்டத்தை முகத்தில் மாட்டுவார். வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "ஒண்ணு தெளிவா இருக்கா, ரெண்டு தெளிவா இருக்கா?" என்று கேட்பார்.

இதில் ஒரு குறும்பும் வைத்திருந்தார். சில சமயம் வில்லையை மாற்றுவது போல எடுத்து, அதையே திரும்பச் செருகுவார். "இப்ப?" என்பார். "ஆங், இதுதான் பளிச்சுன்னு இருக்கு" என்று பெரும்பாலானவர்கள் சொல்வார்கள். வாத்தியாரும் சொல்வார், வக்கீலும் சொல்வார். பளிச்சென்று ஆகிவிட்டதாகச் சொல்கிறவரின் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்று கணக்குப் போட அது உதவும் என்பார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சிரிக்கவும் உதவியது.

"மனுஷன் கண்ணால பார்க்கிறதில்லை, ஆசையால பார்க்கிறான்" என்பார்.

"பெரிய ஞானி. சாப்பிட வாங்க" என்பாள் மனைவி. அவள் வாய் அப்படி.

கடை இல்லாத நேரத்தில் அவருக்கு ஒலிப்பதிவுப் பைத்தியம். பின்னறையில் ஒரு மேஜை, ஒரு கணினி, கருப்பாக இரண்டு ஸ்பீக்கர், சுவரில் பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டிய பஞ்சு. பணம் சம்பாதிக்க அல்ல. சிலர் மீன் வளர்ப்பதில்லையா, அந்த மாதிரி. அவருடைய தங்கை மேடைப் பாடகி. தங்கை புருஷன் அதே குழுவில் கீபோர்டு வாசிப்பவர். ஓட்டல் மேடை, ஆண்டு விழா என்று அவர்கள் போகும் இடங்களுக்கெல்லாம் இவரும் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்து வருவார். பதிவு செய்யத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தங்கையின் குரல் அப்படி இருந்ததால் மேலே ஒன்றும் தெரியவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. உச்சத்தில் போய் நின்றால் கூட்டம் பேச்சை நிறுத்திவிடும். மைக்கை நேரே வைத்தால் போதும், மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

அந்தக் குரல் ஒரு மழைக்காலத்தில் போயிற்று. கழுத்தில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். கட்டி போயிற்று, ஆள் பிழைத்தாள். குரலுக்குப் போகிற நரம்பு மட்டும் கொஞ்சம் நலிந்துவிட்டது. "இப்படியும் ஆகலாம்னு முன்னாடியே சொன்னோமே. சரியாகவும் செய்யலாம், இப்படியே நிற்கவும் செய்யலாம்" என்றார் டாக்டர். அவர் சொன்னதில் தப்பில்லை. முதலில் காற்று மட்டும் வந்தது, பிறகு பேச்சு வந்தது. வந்தது வேறு குரல். தடித்து, கரகரத்து, ஓரத்தில் மூச்சுக் கசிந்தது. தங்கை தொலைபேசியை எடுப்பதை விட்டாள். அழைக்கிறவர்கள் "யாரு பேசுறது?" என்று கேட்கிறார்களாம். குழுவில் வேறு ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். கீபோர்டுக்காரர் அவளுக்கு வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து பெண்டாட்டி முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தார்.

அவர்தான் கெஞ்சிக் கூத்தாடி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கண்ணாடிக்காரரின் பின்னறைக்குக் கூட்டி வந்தார். வெளியாள் யாரும் கேட்கப் போவதில்லை, ஒரே ஒரு பாட்டு பாடிப் பார்க்கட்டும் என்று. அவரே மெட்டுப் போட்ட பாட்டு, அவள் பழைய குரலுக்கென்றே போட்டது. தங்கை பாடினாள். பாடியதைப் போட்டுக் காட்டினார்கள். பாதியிலேயே எழுந்துவிட்டாள்.

"யாரு இது? எனக்கு யாருன்னே தெரியல."

அங்கேதான் நம்ம ஆள் வாயைக் கொடுத்தார். அழுகிற தங்கையைப் பார்த்தால் எந்த அண்ணனுக்கும் வாய் சும்மா இருக்காதுதான். ஆனாலும் கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

"இது பச்சையாப் பதிவு பண்ணினதும்மா. ஈக்வலைசர் போட்டா எல்லாம் சரியாயிடும். உன் பழைய குரலையே கொண்டு வந்துடறேன்."

"நிஜமாவா அண்ணா?"

"நான் இருக்கேன்ல."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, இனி நீந்தித்தான் ஆகவேண்டும். ஈக்வலைசர் என்ற ஒன்று கணினிக்குள் இருக்கிறது என்பதற்கு மேல் அன்றைக்கு அவருக்கு அதைப்பற்றித் தெரியாது.

கற்க உட்கார்ந்தார். அது ஒன்றும் மந்திரமில்லை. திரையில் ஒரு கோடு. இடப்பக்கம் கனத்த ஒலிகள், வலப்பக்கம் போகப்போகக் கூர்மையான ஒலிகள். கோட்டை எங்கே பிடித்துத் தூக்குகிறோமோ அந்த ஒலி பெருகும். எங்கே அமுக்குகிறோமோ அது அடங்கும். அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று முதல் வாரம் அவருக்கு ஒரு இளக்காரம்கூட வந்தது.

புதிதாகக் கற்கிறவன் எல்லாவற்றையும் தூக்குவான். இவரும் தூக்கினார். கிதாரைத் தனியாகப் போட்டுக் கேட்டு, அதற்குக் கொஞ்சம் கனம், கொஞ்சம் மினுக்கு. கீபோர்டுக்குக் கொஞ்சம். தாளத்துக்குக் கொஞ்சம். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டால் ராஜா மாதிரி இருந்தது. சேர்த்துப் போட்டால் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் குளியலறைக்குப் போட்டி போடுகிற காலை வேளை மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் தங்கை எங்கேயோ நசுங்கிக் கிடந்தாள்.

இணையத்தில் தொப்பி போட்ட ஒருவன் வகுப்பெடுத்தான். கோட்டை ஓரிடத்தில் ஊசி மாதிரி உயரத் தூக்கி, இடமிருந்து வலமாக நகர்த்திக்கொண்டே போ. எங்கே காதுக்கு நாராசமாக இருக்கிறதோ அங்கே வெட்டு என்றான். கண்ணாடிக்காரர் அப்படியே செய்தார். எந்த ஒலியையும் ஊசி மாதிரி தூக்கினால் நாராசமாகத்தான் இருக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. வெட்டு வெட்டென்று வெட்டி, குரல் எலி கடித்த துணி போல ஆயிற்று.

வெட்டியது போதும் என்று மறுபடி தூக்கப் போனார். பழைய குரலில் இருந்த மினுமினுப்பு வலப்பக்கம் இருக்கிறதல்லவா, அங்கே தூக்கினால் வராதா? தூக்கினார். இன்னும் தூக்கினார். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உங்க தங்கச்சி பாடுறாளா, குக்கர் கத்துதா? நான் அடுப்பை அணைச்சுட்டு வந்துட்டேன்."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பழைய குரலில் அந்த இடத்தில் ஒலி இருந்தது. இந்தக் குரலில் மூச்சும் இரைச்சலும்தான் இருந்தன. எவ்வளவு தூக்கினாலும் அதுதான் பெரிதாகும். ஈக்வலைசர் இருப்பதைக் கூட்டும், குறைக்கும், இல்லாததைக் கொண்டுவராது. இது அவருக்கு உள்ளூரப் புரிந்துவிட்டது. ஆனால் வாக்குக் கொடுத்தவர் புரிந்ததை ஒப்புக்கொள்வாரா? இன்னும் கொஞ்சம் முயன்றால் ஏதாவது தட்டுப்படும் என்று உட்கார்ந்திருந்தார். தங்கை அவ்வப்போது ஆள் விட்டுக் கேட்டாள்.

கடைசியில் அவளே வந்துவிட்டாள், புருஷனோடு. அதுவும் ஒரு ஞாயிறு, மத்தியானம். கண்ணாடிக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னும் முடியவில்லை என்று இழுத்தார். முடிந்தவரைக்கும் போடு என்றாள். பின்னால் நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பாட்டைப் போட்டார். குரலுக்கான கோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பயத்தோடு மெல்ல நகர்த்தினார்.

"இப்ப எப்படி இருக்கு?"

"தெரியல… அப்படியேதான் இருக்கு."

இன்னும் கொஞ்சம் தூக்கினார். "இப்ப?"

"கொஞ்சம் தேவலாம் போல."

இன்னொரு இடத்தில் அமுக்கினார். "இப்ப?"

தங்கை முன்னால் சாய்ந்தாள். "அண்ணா… வருது. வருது அண்ணா! அந்த ரெண்டாவது வரியில பாரு, அது நான்தான்!"

கீபோர்டுக்காரரும் தொடையில் தட்டினார். "ஆமா மச்சான், வருது!"

கண்ணாடிக்காரருக்கே கேட்டது. சத்தியமாகக் கேட்டது. கரகரப்பு விலகி, உள்ளேயிருந்து பழைய குரல் எட்டிப் பார்த்தது. இத்தனை நாள் பட்ட பாடு பலித்துவிட்டது என்று அவர் நெஞ்சு விம்மியது. தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். மூன்றாவது தடவை கூடவே முணுமுணுத்தாள். "இதை அப்படியே வச்சுடு. ஒரு புள்ளிகூட நகர்த்தாதே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர்கள் போனபிறகு காலி டம்ளர்களை எடுக்க வந்தவர், சும்மா ஒரு பெருமைக்காக இன்னொரு முறை திரையைப் பார்த்தார். ஈக்வலைசரின் மூலையில் பொட்டு மாதிரி ஒரு பொத்தான் உண்டு. அதை அணைத்தால் ஈக்வலைசர் இல்லாமல் பாட்டு எப்படி என்று கேட்கலாம். காலையில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அணைத்திருந்தார். திரும்பப் போட மறந்துவிட்டார். அது அணைந்தே கிடந்தது. மத்தியானம் முழுக்கக் கோடு ஏறியது, இறங்கியது. பாட்டில் ஒரு மயிரிழை மாறவில்லை. மூன்று பேரும் கேட்டது, முதல் நாள் அவள் "யாரு இது?" என்று எழுந்து போனாளே, அதே பதிவு. பொத்தானைப் போட்டுக் கேட்டார். குக்கர் கத்தியது.

ஒரே வில்லையை இரண்டு தடவை செருகி ஊரை ஏமாற்றியவர் தன் வில்லையிலேயே ஏமாந்தார். ஒலிப்பதிவுத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஒரு நாளாவது இப்படி அணைந்த பொத்தானோடு மல்லுக்கட்டி, "ஆகா" என்று சொன்னவர்கள்தானாம். பின்னால் விசாரித்தபோது தெரிந்தது. அன்றைக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

தங்கையோ தொலைபேசியைக் கையில் எடுத்துவிட்டாள். பார்த்தவரிடமெல்லாம் "அண்ணன் என் குரலைக் கொண்டு வந்துட்டார்" என்றாள். குழுத் தலைவரைக் கூப்பிட்டு, வருகிற ஆண்டு விழாவில் தனக்கு ஒரு பாட்டு கேட்டாள். அண்ணன் வைத்திருக்கிற அந்த அளவை அப்படியே மேடை மைக்கிலும் போட்டால் போயிற்று என்றாள். அவரும் சரியென்றார். செய்தி கேட்ட கண்ணாடிக்காரருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனைவியிடம் நடந்ததைச் சொன்னார்.

"சொல்லாம விட்டா என்ன? சந்தோஷமா இருக்கா. எத்தனை நாள் கழிச்சு சிரிச்சா தெரியுமா?" என்று கேட்டார்.

"மேடையில என்ன பண்ணுவீங்க? மைக்கோட உங்க பொய்யையும் சேர்த்து மாட்டுவீங்களா?" என்றாள் மனைவி. "எல்லார் முன்னாடியும் அவ வாயைத் திறந்து, இந்தக் குரல் வந்து விழும். அப்ப கீழ விழப்போறது அவ. நீங்க இல்ல."

தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். போய்ச் சொன்னார். சொல்லப் போகும் வழியில் ஒரு வசனம் வேறு தயார் செய்துகொண்டார்: 'நீயே கேட்டு நல்லா இருக்குன்னியேம்மா, அப்ப உன் இப்போதைய குரலே நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?' நல்ல வசனம்தான். கேட்க ஆளில்லை.

"அப்ப அன்னைக்கு நான் கேட்டது?"

"நீ பாடினதும்மா. அப்படியே. நான் ஒண்ணும் பண்ணல."

"இல்ல. எனக்குக் கேட்டுச்சு."

"எனக்கும்தான் கேட்டுச்சு."

"போடு."

செல்பேசியில் வைத்திருந்ததைப் போட்டார். விஷயம் தெரிந்த காதுக்குக் கரகரப்பு மட்டும்தான் கேட்டது. அந்த இரண்டாவது வரியில் யாரும் இல்லை. அவர் தயாராக வைத்திருந்த வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் அதைப் பாதியில் வெட்டினாள்.

"எனக்கு ஒரு தடவை போனது போதாதா? ரெண்டாவது தடவையும் கொண்டு வந்து காட்டிட்டு எடுத்துட்டுப் போறியே."

கதவைச் சாத்திக்கொண்டாள். மேடைப் பாட்டு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அண்ணன் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

கண்ணாடிக்காரருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிட வலித்தது. சும்மா இருக்கவும் முடியவில்லை. மறுபடி பின்னறையில் உட்கார்ந்தார். இந்தத் தடவை ஆசையை வெளியே கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். குரலில் கை வைக்கவில்லை. அது இருக்கிறபடி இருக்கட்டும், மற்றவை அதற்கு என்ன செய்கின்றன என்று கேட்டார். கேட்கக் கேட்க விஷயம் துலங்கியது. பழைய குரல் எல்லா வாத்தியத்துக்கும் மேலே மிதக்கும். கீழே கிதாரும் கீபோர்டும் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டாலும் அதற்குக் கவலையில்லை. புதுக் குரல் கீழே இறங்கி வந்திருக்கிறது. அவை இரண்டும் உட்கார்ந்திருக்கிற அதே பெஞ்சில் இதற்கும் இடம் வேண்டும். அவை நகரவில்லை.

நகர்த்தினார். கீபோர்டில் கொஞ்சம் அமுக்கினார், கிதாரில் கொஞ்சம். ஆனால் தன் காதை இனி எந்த முகத்தோடு நம்புவது? மனைவியைக் கூப்பிட்டு மேஜை முன் உட்கார வைத்தார். தான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். பொத்தானைப் போட்டும் அணைத்தும் அவள் கேட்க வேண்டும், இவர் பதில் சொல்ல வேண்டும்.

"ஒண்ணு நல்லா இருக்கா, ரெண்டு நல்லா இருக்கா?"

"ரெண்டு."

"ரெண்டும் ஒண்ணுதான். நான் பொத்தானைத் தொடவே இல்ல."

அவள் அதை ரசித்துச் செய்தாள். இத்தனை வருஷம் கேட்ட கடைக் கதைகளுக்கெல்லாம் வட்டியும் முதலுமாகத் தீர்த்தாள். அவரும் மானத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியாத மாற்றங்களையெல்லாம் அழித்தார். செய்ததில் பாதிக்குமேல் அழிந்தது. மிஞ்சியவை சின்னச் சின்னதாக இருந்தன. கீபோர்டுக்காரர் ஒரு நாள் வந்து கேட்டுவிட்டு, "மச்சான், என் வாசிப்பு எங்க?" என்று தேடினார். பிறகு அவரே, "சரி, போகட்டும். அவ இருக்கா" என்றார்.

தங்கை கடைக்கு வந்தது அவள் மகளின் கண்ணாடிக் கால் உடைந்ததால். வேறு கடைக்குப் போயிருப்பாள்; ஊரில் வேறு நல்ல கடை இல்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். திரைக்குப் பின்னால் அவர் ஒரு பெரியவரைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒண்ணா, ரெண்டா? ரெண்டுதான் தெளிவு என்றார் பெரியவர். அவர் போனபின் தங்கை கேட்டாள்.

"ரெண்டும் வேற வேறயா?"

"ஒரே வில்லைதான்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட மட்டும் எதுக்கு வந்து சொன்ன?"

கண்ணாடிக்காரர் உடைந்த கண்ணாடியின் திருகைக் கழற்றிக்கொண்டே இருந்தார். "அவர் வீட்டுக்குப் போறார். நீ மேடைக்குப் போறேன்னியே."

கால் மாட்டி முடித்ததும் கண்ணாடியை வாங்கிப் பையில் வைத்தாள். படி வரை போனவள் நின்றாள். "என்னமோ செஞ்சு வச்சிருக்கியாமே. ஞாயித்துக்கிழமை வந்து கேக்கறேன். எந்தப் பொத்தான் எரியுது, எது எரியலன்னு முதல்லயே காட்டிடணும்."

காட்டினார். குரலின் மேல் எதுவும் இல்லை, கிதாரிலும் கீபோர்டிலும் இவ்வளவு என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டாள். பழைய குரலைத் தேடுகிறாளோ என்று அவருக்குப் பயம். மறுபடி போடச் சொன்னாள். மூன்றாவது முறை விரலால் தொடையில் தாளம் போட்டாள். புருவம் சுருங்கியது. போச்சு, எழுந்து போகப் போகிறாள் என்று கீபோர்டுக்காரர் கதவைப் பார்த்தார்.

"சரணத்துல எனக்கு மூச்சு முட்டுது. எட்டாத இடத்தை எக்கி எக்கிப் பிடிக்கிறேன்" என்றாள். "இந்தச் சுருதி பழைய ஆளுக்குப் போட்டது. எனக்கு ஆகாது. ரெண்டு கட்டை இறக்கணும்."

"ரெண்டு கட்டை இறக்கினா எல்லா வாத்தியத்தையும் முதல்ல இருந்து வாசிக்கணுமே" என்றார் புருஷன்.

"வாசி. உனக்கு வேற என்ன வேலை?" அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீ இத்தனை நாள் செஞ்சதெல்லாம்?"

"சுருதி மாறினா அது எதுவும் உதவாதும்மா. எல்லாம் குப்பைதான்."

"அப்ப அழிச்சுடு. நான் மறுபடி பாடணும்."

ஆபரேஷனுக்குப் பிறகு பழைய குரலை நம்பாமல் அவள் வாயிலிருந்து 'பாடணும்' என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. மனிதர் தன் அத்தனை நாள் உழைப்பையும் தேர்ந்தெடுத்து அழித்தார். அழிக்கும்போது அவருக்கு இருந்த சந்தோஷம் அதைச் செய்யும்போது ஒரு நாளும் இருந்ததில்லை. வெற்றுத் திரை வந்து நின்றது. தங்கை ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். மைக்கின் முன் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள், கரகரவென்றுதான் வந்தது.

"வாத்தியம் அப்புறம் பார்க்கலாம். சுருதியை மட்டும் கொடு" என்றாள் புருஷனிடம்.

கீபோர்டுக்காரர் இரண்டு கட்டை கீழே இறங்கி ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். அவள் மூச்சை இழுத்தாள். கண்ணாடிக்காரர் பதிவுப் பொத்தானை அழுத்தினார். அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டார்.